ஒன்றரை ஷிப்ட் அப்பாக்கள்

திருப்பூர் காதர்பேட்டையில் ஒரு கடை வாசலில் ஏற்றுமதியில் மிஞ்சிய ஸ்வெட்ஷர்ட்களைக் குவித்துப் போட்டிருந்தார்கள். மார்கழிக் குளிருக்கு ஒன்று எடுக்கலாம் என்று குவியலுக்குள் கையை விட்டேன். தொப்பி வைத்த சாம்பல் நிறச் சட்டை ஒன்று வந்தது. நெஞ்சில் குறுக்காக இரண்டு மட்டைகள், அவற்றின் நடுவில் ஒரு கறுப்பு வட்டு. அதன் கீழே ஆங்கிலத்தில் எழுதியிருந்தது: இன்றைக்கு என்னால் வர முடியாது, பையனுக்கு ஹாக்கி இருக்கிறது. முகத்தருகே கொண்டுபோனேன். ரப்பர் பிரிண்ட்டின் வாசனை இன்னும் போகவில்லை. திருப்பூரில் முப்பது வருடம் குப்பை கொட்டியவனுக்கு அந்த வாசனை போதும், எந்த வருடத்துக்கு வேண்டுமானாலும் கொண்டுபோய் விட்டுவிடும்.

நான் மெர்ச்சன்டைசராகச் சேர்ந்த புதிதில் இதே மாதிரி ஒரு ஆர்டர் வந்தது. கனடாவுக்குப் போகிற ஃப்ளீஸ் சரக்கு. பனி கொட்டும் ஊருக்கு, வருடத்தில் பாதி நாள் விசிறி இல்லாமல் உட்கார முடியாத ஊரிலிருந்து ஸ்வெட்ஷர்ட் போவதில் எங்களுக்கு அப்போதே ஆச்சரியம் கிடையாது. 1978-ல் இத்தாலியிலிருந்து வெரோனா என்ற வியாபாரி வந்து வெள்ளை டி-ஷர்ட் கேட்டதிலிருந்து யார் எதைக் கேட்டாலும் தைத்துக் கொடுப்பது என்று ஊர் முடிவு செய்துவிட்டது. ஆனால் அந்தப் படத்தை மட்டும் செக்கிங் டேபிளில் யாராலும் விளங்கிக்கொள்ள முடியவில்லை.

"ஏனுங்க சார், இது என்னங்க, ஒட்டடைக் கோலுங்களா?" என்று ஒரு அக்கா கேட்டார்.

"ஹாக்கி மட்டைங்க்கா."

"ஹாக்கி மட்டை வளைஞ்சல்ல இருக்கும்? என்ற பையன் ஸ்கூல்ல பாத்திருக்கறனே."

அவர் சொன்னதும் சரிதான். நம் மட்டையின் நுனி கொக்கியாக வளைந்திருக்கும். ஐஸ் ஹாக்கி மட்டை நீளமானது, நுனியில் தட்டையாக ஒரு பலகை. அங்கே பந்தும் கிடையாது, கெட்டியான ரப்பர் வட்டுதான். உறைந்த தண்ணீர் மேல் சறுக்கிக்கொண்டே அதை அடிப்பார்கள் என்று விளக்கினேன். பிசிறு வெட்டிக்கொண்டிருந்த கைகள் ஒரு நிமிடம் நின்றன. "ஐஸ் மேலயா? வழுக்கி உளுந்துட்டா ஆரு பாக்கறது?" என்றார் அந்த அக்கா. பக்கத்திலிருந்தவர் எழுத்தைக் காட்டி, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். சொன்னேன். "பையன் வெளையாடறதுக்கு இவிங்க எதுக்கு லீவு போடறாங்க?" என்றார். டேபிள் முழுக்கச் சிரித்தது. அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

பதில் கிடைக்க ரொம்ப வருடம் ஆயிற்று. என் தங்கை மகள் மிசிசாகாவில் குடியேறி, அவளுக்கு ஒரு பையன் பிறந்து, அவன் சறுக்குக் காலணி மாட்டுகிற வயதுக்கு வந்தபோது நானும் மனைவியும் அங்கே போயிருந்தோம். விடிவதற்கு முன்பே எழுப்பிவிட்டாள். "மாமா, நீங்களும் வாங்க, ரிங்க் பாத்ததில்லையே." மைனஸில் கிடந்தது வெளியே. பையன் உயரத்துக்கு ஒரு பை. அதற்குள் தலைக்கவசம், முழங்கால் காப்பு, தோள் காப்பு, கையுறை, மட்டைக்கு ஒட்டுகிற டேப். அவளும் மாப்பிள்ளையும் ஆளுக்கொரு பக்கம் தூக்கிப் போனார்கள். அவனைக் குனிந்து உட்கார வைத்துக் காலணிக் கயிற்றை இழுத்துக் கட்டியபோது மாப்பிள்ளைக்கு மூச்சு வாங்கியது.

நாங்கள் உள்ளே போனபோது, இரவெல்லாம் கீறல் விழுந்த பனித்தளத்தை ஒரு பெரிய வண்டி சுற்றிச் சுற்றி வந்து வழவழப்பாக்கிக்கொண்டிருந்தது. சாம்போனி என்றார்கள். 1949-ல் அதை உருவாக்கியவரின் குடும்பப் பெயரே வண்டிக்கு நின்றுவிட்டதாம். கேலரியில் பெற்றோர்கள் காப்பிக் கோப்பையும் போர்வையுமாக உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் ஒரு பலகை. இவர்கள் குழந்தைகள், இது விளையாட்டு, பயிற்சியாளர்கள் சம்பளம் வாங்காதவர்கள், நடுவரும் மனிதர்தான் என்கிற தோரணையில் பெற்றோருக்குப் புத்தி சொல்லியிருந்தது. பிள்ளையைச் சேர்க்கும்போது அப்பா அம்மாவில் ஒருவராவது கேலரியில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று கணினியில் ஒரு வகுப்பு முடிக்க வேண்டுமாம். எனக்குச் சிரிப்பு வந்தது. பத்து நிமிடம் கழித்து, கண்ணாடித் தடுப்பில் முகத்தை ஒட்டிக்கொண்டு ஒரு அப்பா போட்ட சத்தத்தைக் கேட்டபோது அந்த வகுப்பு அவசியம்தான் என்று பட்டது.

அந்த வாரமே ஒரு நாடகத்துக்கும் கூட்டிப் போனாள். பக்கத்து ஊரில் சின்ன அரங்கு. அந்த ஊர்க்காரர்களே சேர்ந்து நடத்துகிற குழு. 'ஹாக்கி மாம், ஹாக்கி டாட்' என்பது பெயர், எழுதியவர் மைக்கேல் மெல்ஸ்கி. கனடாவின் கிழக்குக் கோடியில் இருக்கிற நோவா ஸ்கோஷியாக்காரர். மேடையில் கேலரி பெஞ்சு, இரண்டே பாத்திரங்கள். தனியாகப் பிள்ளை வளர்க்கும் ஒரு அம்மா, அதேபோல ஒரு அப்பா. பையன்கள் விளையாடுவதைப் பார்த்தபடி பேசிக்கொண்டே இருக்கிறார்கள். பையன்களை மட்டும் நாம் பார்க்கவே முடியாது. பெற்றவர்களின் கண் போகிற போக்கை வைத்தே வட்டு எந்தப் பக்கம் போகிறது, யார் விழுந்தார்கள், யார் எழுந்தார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும். தங்கை மகள் காதில் அவ்வப்போது சொல்லிக்கொண்டு வந்தாள். ஆகவே எல்லோரும் சிரித்து முடித்த பிறகு நான் சிரித்தேன். முன்வரிசையில் ஒரு வயதானவர் ஒவ்வொரு தடவையும் திரும்பி என்னைப் பார்த்தார்.

பாதி நாடகத்தில் நான் அங்கே இல்லை. பிள்ளையையும் ஹாக்கியையும் வைத்து ஒரு சிரிப்பு நாடகம் எங்கள் வீதியிலும் நடந்தது. அதிலும் பையன் விளையாடுவதைப் பார்க்கத்தான் கூட்டம் வரவில்லை.

அதைச் சொல்வதற்கு முன் கேசட்டைச் சொல்ல வேண்டும். எண்பதுகளில் பனியன் கம்பெனிகளின் செக்கிங், பேக்கிங் ரூம்களில் ஒரு டேப் ரிக்கார்டர் இருக்கும். மெஷின் ஹாலில் சத்தத்துக்கு ஒன்றும் கேட்காது. பேக்கிங்கில் கேட்கும். பகலில் பாட்டு. நைட் ஓடினால் தூக்கம் வராமலிருக்க நாடகக் கேசட். எஸ்.வி. சேகரின் 'மகாபாரதத்தில் மங்காத்தா' எங்கள் பக்கத்தில் ஓடாத கம்பெனி இல்லை. அட்டைப் பெட்டிக்கு டேப் ஒட்டுகிறவர்கள் அடுத்த வசனத்தைக் கேசட்டுக்கு முன்பே சொல்லிவிடுவார்கள். கிரேஸி மோகன் பேரும் அப்படித்தான் வந்து சேர்ந்தது. கிண்டி இன்ஜினியரிங் காலேஜில் படித்துவிட்டு நாடகம் எழுத வந்தவர் என்பதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அவருடைய 'மேரேஜ் மேட் இன் சலூன்' 1983-ல் பாலசந்தர் கையில் 'பொய்க்கால் குதிரை' என்று படமாகிவிட்டது. 'ஒரு பேபியின் டயரிக் குறிப்பு' என்று தலைப்பு வைக்கிற தைரியம் அவருக்குத்தான் வந்தது.

சென்னை சபாக்களுக்கு எழுதிய நாடகங்களில் வருகிற அப்பாக்கள் பெரும்பாலும் ஆபீஸ் போகிறவர்கள், பேப்பர் படிக்கிறவர்கள், மார்க் ஷீட்டைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்கிறவர்கள். விசுவின் 'சம்சாரம் அது மின்சாரம்' படம் 1986-ல் வந்தபோது, ப்ளஸ் டூவில் பாஸாகாத பையன் வருகிற இடத்தில் தியேட்டரே சிரித்தது. எங்கள் வரிசை கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரித்தது. எங்கள் வீதியில் பையன் பெயிலானால் வீட்டில் இழவு விழாது. கம்பெனியில் கைமடிக்கு, டைலருக்கு உதவியாக, ஆள் கேட்டிருப்பார்கள், திங்கட்கிழமை அனுப்பிவிடலாம். நன்றாகப் படிக்கிற பையனைத்தான் என்ன செய்வது என்று தெரியாமல் விழிப்பார்கள். அந்தக் கேசட்களைக் குறையாக நான் சொல்லவில்லை. இன்றும் காரில் போட்டுக் கேட்கிறேன். ஆனால் மயிலாப்பூரில் சிரிப்பு விழுகிற இடம் வேறு, எங்கள் திருப்பூர் ராயபுரத்தில் விழுகிற இடம் வேறு.

எங்களுக்கு ஹாக்கி வந்தது பி.டி. சார் ஒருவர் புண்ணியத்தில். 1980-ல் மாஸ்கோ ஒலிம்பிக்கில் இந்தியா தங்கம் வாங்கியது. கேப்டன் வாசுதேவன் பாஸ்கரன், தமிழ்நாட்டுக்காரர். பேப்பரில் வந்த அவர் படத்தை வெட்டி, சார் தன் அறைக் கதவில் ஒட்டியிருந்தார். மட்டைகள் ஜலந்தரிலிருந்து வந்தவை, ஆளுக்கொன்று கிடையாது. வெளியே நிற்பவன் உள்ளே போனவனின் மட்டை எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருப்பான். வெறுங்கால். மைதானத்தில் கருவேலமுள். தன்ராஜ் பிள்ளை என்று பின்னாளில் நான்கு ஒலிம்பிக் ஆடிய மனிதர் சிறுவயதில், மற்றவர்கள் உடைத்துப் போட்ட மட்டைகளைக் கட்டி ஒட்டித்தான் அண்ணன் தம்பிகளோடு விளையாடினார் என்று படித்தபோது எனக்கு எங்கள் மட்டைகள் நினைவுக்கு வந்தன.

என் அப்பா பவர் டேபிளில் ஓவர்லாக் டைலர். பீஸ் ரேட், தைத்த உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. ஒன்றரை ஷிப்ட் என்றால் காலை எட்டரைக்குப் போய் இரவு எட்டரை, ஒன்பதுக்கு வருவது. ஷிப்மென்ட் நேரத்தில் நாங்கள் தூங்கிய பிறகு வந்து, எழுவதற்கு முன் போய்விடுவார். சனிக்கிழமை சம்பளத்தன்று மட்டும் கையில் மிக்சர் பொட்டலத்தோடு விழித்திருக்கும் நேரத்தில் வருவார். நான் என்ன வகுப்பு என்று யாராவது கேட்டால் அம்மாவைப் பார்ப்பார்.

அவர் பகலில் வீட்டில் இருந்ததை நான் பார்த்தது 1984-ல்தான். பஞ்சப்படி கேட்டுத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். 127 நாள். ஊர் நின்றுவிட்டது. நொய்யல் பாலத்தில் சைக்கிள் கூட்டம் இல்லை. வீட்டில் அம்மாவின் தோடு போயிற்று, பிறகு அண்டா போயிற்று. மளிகைக்கடையில் கணக்குப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டார்கள். எனக்கோ அது சொர்க்கமாக இருந்தது, அப்பா இருந்தார். மத்தியானம் கூட்டத்துக்குப் போய்விட்டு, சாயங்காலம் பள்ளி மைதானத்துக்குப் பின்னால் மோட்டார் ரூம் திண்ணையில் வந்து உட்கார்ந்துகொள்வார். கூடவே இன்னும் நாலைந்து அப்பாக்கள். அவர்களுக்கு விதி ஒன்றும் தெரியாது. பந்து யார் காலில் பட்டாலும் "போடு!" என்பார்கள். சார் விசில் ஊதினால் "ஏனுங்க சார் நிறுத்தறீங்க, நல்லாத்தான போயிட்டிருந்துது" என்பார்கள். நான் ஒரு தடவை கோல் போட்டபோது அப்பா எழுந்து நின்று, கையை என்ன செய்வது என்று தெரியாமல் துண்டை உதறிப் போட்டுக்கொண்டார்.

வேலைநிறுத்தம் முடிந்ததும் திண்ணை காலியாகிவிட்டது.

அதற்கப்புறம் வந்த ஒரு ஆயுதபூசைக்குத்தான் நாடகம். அப்போதெல்லாம் ஆயுதபூசை பனியன் கம்பெனியில் தீபாவளியைவிடப் பெரிது. மெஷின்களைத் துடைத்து, எண்ணெய் போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, பொரிகடலை மூட்டை மூட்டையாக வரும். குழந்தைகளைக் கம்பெனிக்குள் விடுகிற ஒரே நாள். இப்போது அநேக இடங்களில் ஸ்வீட் பாக்ஸைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். கட்டிங் மாஸ்டர் ஒருவர் நாடகக் கிறுக்கு. கேசட்களைக் கேட்டுக் கேட்டு, "நம்முளுது ஒண்ணு போடலாம்" என்று மார்க்கிங் பேப்பரின் பின்பக்கத்தில் எழுதிவிட்டார். டேபிள்களைச் சேர்த்துப் போட்டால் மேடை. ரிப் துணி ரோல் ஒன்றைப் பிரித்துக் கட்டினால் திரை.

கதை சின்னது. அப்பா பவர் டேபிள் டைலர். பையனுக்கு ஹாக்கிப் பைத்தியம். மட்டையைத் துணி ரோலுக்குள் ஒளித்து வைக்கிறான். அப்பா அந்த ரோலைத் தோளில் தூக்கித் திரும்பும் போதெல்லாம் பின்னால் நிற்கிற முதலாளி மண்டையில் அது இடிக்கிறது. அம்மா வேஷத்துக்கு அயர்ன் மாஸ்டர், சேலை கட்டி, மீசையை எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். பன்னிரண்டு வயதுப் பையனாக நடித்த கைமடிக்கு அடுத்த மாதம் கல்யாணம். இதெல்லாம் சிரிப்புதான். ஆனால் கம்பெனி ஓட்டுக் கூரை அதிர்ந்தது ஒரே வசனத்துக்கு. பையன் தான் கோல் போட்டதை நடித்துக் காட்டி முடித்ததும், அப்பா பீடியை அணைத்துவிட்டு நிதானமாகக் கேட்பார்:

"சரி கண்ணு. ஒரு கோலுக்கு ரேட்டு எவ்வளவு?"

பீஸ் ரேட்டில் வாழ்கிற ஜனம். விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாஸ்டர் அதை ஜோக்காக எழுதவே இல்லையாம். தன் வீட்டில் நடந்ததை அப்படியே எழுதியதாகப் பின்னால் சொன்னார்.

கடைசிக் காட்சியில் பையனுக்குப் பைனல் மேட்ச். அப்பாவைப் பார்க்க வரச் சொல்கிறான். அப்பாவுக்கு ஷிப்மென்ட். மேட்ச் முடிந்து எல்லோரும் போன பிறகு தூக்குப்போசியும் கையுமாக ஓடி வந்து, ஆளில்லாத கோல் கம்பத்தைப் பார்த்து, "ஏண்டா, அப்பன் வர்ற வரைக்கும் ஆட மாட்டீங்களா?" என்று திட்ட வேண்டும். அந்த இடத்தில் ஆண்கள் சிரித்தார்கள். செக்கிங் அக்காக்கள் பக்கம் சத்தம் குறைவு.

நாடகம் பேசப்பட்டுவிட்டது. எங்கள் வீதி மாரியம்மன் பண்டிகைக்கு மறுபடி போடச் சொல்லிக் கேட்டார்கள். சேவல் கட்டுக்கும் கரகத்துக்கும் நடுவில் ஒரு மணி நேரம் ஒதுக்கினார்கள். மேடை போட்டாயிற்று, மைக் செட்காரர் "ஹலோ ஹலோ" என்று ஆரம்பித்தும் விட்டார். அப்பா வேஷக்காரரைக் காணோம். ஆளனுப்பிப் பார்த்தால் அன்றைக்கு நைட் ஓட்டுகிறார்கள், லாரி வாசலில் நிற்கிறது, கேட்டைப் பூட்டியாயிற்று. அவர் வர முடியாது. நாடகத்தில் அப்பா மேட்சுக்கு வராததற்கு என்ன காரணமோ அதே காரணம். மாஸ்டர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

என் அப்பா அன்றைக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு ஷிப்டோடு வந்திருந்தார். ஒத்திகையெல்லாம் பார்த்தவர் அவர் ஒருவர்தான் என்று யாரோ சொல்ல, மாஸ்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு வசனமெல்லாம் வராதுங்க மாஸ்டர்" என்றார் அப்பா. "வூட்டுல பேசறதப் பேசுங்கண்ணா, போதும்" என்றார் மாஸ்டர். நான் முன்வரிசை மண்ணில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது.

அவர் நடிக்கவே இல்லை. ஏறினார், பீடி பற்றவைத்தார், பையனை ஏற இறங்கப் பார்த்தார். "சாப்ட்டியா?" என்றார். நாடகத்தில் இல்லாத வசனம். வீதி வெடித்துச் சிரித்தது. எல்லா அப்பாவும் வந்ததும் கேட்கிற ஒரே கேள்வி அதுதான். "ரேட்டு எவ்வளவு" என்பதைத் தப்பான இடத்தில், முதலாளியைப் பார்த்துக் கேட்டுவிட்டார். அதற்கு விழுந்த கைதட்டலில் மைக் கூவியது. அம்மா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கடைசிக் காட்சி வந்தது. இந்தத் தடவை மாஸ்டர் மேட்சையே மேடையில் காட்டலாம் என்று எங்களில் சிலரை மட்டையோடு ஏற்றிவிட்டிருந்தார். நானும் ஏறினேன். பந்தை எடுத்து வைத்து ஆட்டத்தைத் தொடங்குவதற்குள் மறுபக்கத் திரையை விலக்கிக்கொண்டு அப்பா தூக்குப்போசியோடு வந்து நின்றார். மேட்ச் முடிந்து, எல்லோரும் போன பிறகு வர வேண்டியவர். ஓரத்தில் கிடந்த ஸ்டூலைக் காலால் இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

திரைக்குப் பின்னாலிருந்து மாஸ்டர் பதறினார். "அண்ணா, உங்க சீன் இன்னும் வரலைங்க! உள்ளே வாங்க!" மைக்கில் அதுவும் கேட்டது.

அப்பா தலையைத் திருப்பவில்லை. "இருக்கட்டும் மாஸ்டர்," என்றார், "பையன் ஆடறான். பாத்துட்டே வர்றன்."

பார்த்துக்கொண்டிருந்த ஜனத்துக்கு அது நாடகமா நிஜமா என்ற விசாரமெல்லாம் இல்லை. விசில் பறந்தது. "போடு!" என்று பின்வரிசையில் யாரோ கத்தினார்கள். நான் அடித்த பந்து மேடையைத் தாண்டிப் போய், கரகம் வைத்திருந்த பந்தலுக்குள் விழுந்தது. பூசாரி எழுந்து வந்து எங்கள் எல்லோரையும் சேர்த்துத் திட்டியதில் நாடகம் அங்கேயே முடிந்தது.